நான்காவது வழியனுப்பு

பெங்களூர் ஓசூர் ரோட்டை ஒட்டிய அந்தச் சட்டைக் கம்பெனியில் பெண்களை வேலையை விட்டு நீக்குகிற வழக்கம் கிடையாது. அவ்வளவு மோசமானவர்கள் இல்லை அவர்கள். கேக் வெட்டுவார்கள்.

ஒருத்திக்கு ஐந்து வருஷம் நிறைய இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பிவிடுவார்கள்: இந்த பேட்சில் உன் பெயர் இருக்கிறது, தயாராக இரு. ஒரு சனிக்கிழமை மதியம் கேன்டீனில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, க்ரீம் ரோஜா வைத்த கேக்கை வெட்டச் சொல்லி, கையில் ஒரு பிரஷர் குக்கரைக் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். கேக் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு, 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் இரண்டு மாதம் கம்பெனிக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் உட்கார்ந்து, அதே கம்பெனியின் அதே சட்டைகளைத் தினக்கூலிக்குத் தைக்க வேண்டும். அதற்குள் பி.எஃப். பணம் கைக்கு வந்துவிடும். பிறகு புது டோக்கன் நம்பரோடு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளாக, பழைய மிஷினிலேயே வந்து உட்காரலாம்.

ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் போகும்போது பணிக்கொடை கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். யாருக்குமே ஐந்து வருஷம் நிறையாவிட்டால் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பது கம்பெனியின் மூளை. இந்த மூளைக்கு யாரும் சம்பள உயர்வு கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் பெண்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டு லீஸ், காதுகுத்து எல்லாம் அந்தப் பி.எஃப். பணத்தில்தான் நடந்தது. ஐந்து வருஷம் ஆவதற்கு முன்னால் எடுத்தால் அதில் வரி என்று வேறு ஒரு கடி கடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அப்படியும் அதற்குப் 'போனஸ்' என்று பெயர் வைத்துச் சந்தோஷப்பட்டார்கள். சாப்பாட்டு வேளையில் ஒருத்தியை ஒருத்தி "உனக்கு எப்போ கேக்கு?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

நீலசந்திராவில் ஒரு வீட்டில் மூன்று குக்கர் இருந்தால், அந்த வீட்டுப் பெண் அங்கேதான் சட்டை தைக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உஷாவின் வீட்டில் மூன்று குக்கர் இருந்தது.

உஷா ஆம்பூரில் பிறந்தவள். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து, முப்பதாவது வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். இப்போது நாற்பத்தொன்பது. அவளுடைய வேலை சட்டையின் உடம்போடு காலரைச் சேர்ப்பது. கேட்க ஒன்றுமில்லாத வேலை போலத்தான் இருக்கும். கழுத்து ஒரு நூல் கோணினால் சட்டையே போச்சு. கடைசி கேக்குக்கு அப்புறம் மறுபடி ஐந்து வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களாக இருந்திருந்தால் அவளும் எல்லாரையும் போலக் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். பிப்ரவரியில் லட்சுமம்மா போனதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

லட்சுமம்மா கனகபுரா பக்கத்துக் கன்னடக்காரர். உஷாவின் லைனிலேயே, காலர் தைக்கிற மௌரீனுக்குப் பக்கத்து மிஷின். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைத்தவர், ஐம்பத்தெட்டு நிறைந்த அன்று நிஜமாகவே வீட்டுக்குப் போனார். அது ஒரு வியாழக்கிழமை. மாலை இல்லை, கேக் இல்லை, போட்டோ இல்லை. அவருக்கு எட்டு மாதம் முன்னால்தான் கேக் வெட்டியிருந்தார்கள். ஆகவே கம்பெனிக் கணக்கில் அவர் எட்டு மாதத்துப் புது ஆள். புது ஆள் போவதற்கெல்லாம் விழா எடுப்பார்களா? கேட்டில் டோக்கனைக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் உஷா லீவு போட்டு அவரைப் பி.எஃப். அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டரை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார்: பென்ஷன் வேண்டுமென்றால் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், நீங்கள் ஒவ்வொரு தடவையும் பென்ஷன் பங்கையும் சேர்த்துத் துடைத்து எடுத்துவிட்டீர்கள், எடுத்த வருஷமெல்லாம் போனதுதான், திரும்ப ஒட்டாது, உங்கள் பெயரில் இப்போது எட்டு மாதம்தான் இருக்கிறது. லட்சுமம்மா அழவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தார். "யாரையும் திட்ட முடியாது உஷா. நானே தின்னுட்டேன்" என்றார். இப்போது கோரமங்களாவில் இரண்டு பிளாட்டில் பாத்திரம் கழுவுகிறார்.

உஷா அங்கேயே தனக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்போது இருக்கிற வருஷங்களைத் தொடாமல் விட்டு, இங்கேயே தொடர்ந்தால் ஐம்பத்தெட்டில் பென்ஷன் உண்டு, பணிக்கொடையும் உண்டு. இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டுப் பணத்தை எடுத்துவிட்டால், அப்புறம் பத்து வருஷம் சேர்க்க அவளிடம் வயசு இல்லை. அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு கேக்கோடு அவள் கிழவியாகும்போது சாப்பிடப்போகிற சோறு போய்விடும்.

ஆனால் தெரிந்துகொள்வது ஒன்று, வாயைத் திறந்து சொல்வது இன்னொன்று. எச்.ஆர். நரேஷ் முப்பது வயசுப் பையன், எல்லாரையும் 'அம்மா' போட்டுப் பேசுவான். அவன் வந்து, "இந்த பேட்ச்ல நீங்க, மௌரீன், தாரணி, மூணு பேரும்மா. சனிக்கிழமை" என்று சொன்னபோது உஷா, "பாக்கலாம் சார்" என்றாள். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டடத்தில் 'பாக்கலாம்' என்றால் சரி என்றுதான் அர்த்தம். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் சொல்லவேண்டியதை மனசுக்குள் தினம் சொல்லிப் பார்த்தாள். ஆள் எதிரே வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. மூன்று நாற்காலி; நடுவில் உஷா. வலப்பக்கம் ஆஸ்டின் டவுன் மௌரீன், ஐம்பத்துநாலு வயசு, மே மாதம் மகனுக்குக் கல்யாணம், மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, இந்தப் பணம்தான் மிச்சச் செலவுக்கு. இடப்பக்கம் தாரணி, இருபத்தாறு வயசு, இது அவளுக்கு முதல் கேக் என்பதால் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். புரொடக்‌ஷன் மேனேஜர் சுப்ரமணியன் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து வந்தவர். கடிகாரத்தைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். மூன்று பேரும் கத்தியைப் பிடித்து வெட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நரேஷ் மைக்கைப் பிடித்தான்.

பையன் நன்றாகத்தான் பேசினான். கம்பெனி ஒரு குடும்பம் என்றான். பிரிவது வருத்தம் என்றான். பிறகு, "குறிப்பா நம்ம உஷாம்மா. நாலரை வருஷம் நம்ம கம்பெனிக்காக உழைச்சிருக்காங்க" என்றான்.

உஷாவின் வாயில் கேக் இருந்தது. நாலரை வருஷமா? அவள் பெண் வைஷ்ணவி பால்வாடிக்குப் போகும்போது இங்கே வந்தவள் அவள். அந்தப் பெண் இப்போது கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வருவதற்கு முன்னாலிருந்து அவள் படியேறுகிறாள். பதினாலு வருஷத்தை ஒருவன் மைக்கில், சிரித்த முகத்தோடு, கை தட்டலுக்கு நடுவில் துடைத்துப்போட்டான். அத்தனை நாள் வராத கோபம் அவளுக்கு இப்போது வந்தது. கேக்கை விழுங்கினாள்.

"பத்தொம்பது வருஷம்" என்றாள்.

நரேஷ் சிரித்தான். இந்தத் தடவைக்கு என்று சொல்கிறேன் அம்மா என்று விளக்கினான். இந்தத் தடவை, அந்தத் தடவை என்றெல்லாம் தனக்குக் கிடையாது, தான் ஒரே ஆள், ஒரே தடவைதான் வந்தேன், இன்னும் போகவில்லை என்றாள் உஷா. கேன்டீனில் தட்டுகளின் சத்தம் நின்றுவிட்டது. நரேஷ் மைக்கை அணைத்துவிட்டுத் தாளை நீட்டினான். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, கேக் சாப்ட்டாச்சு" என்றான், ஏதோ தாலி கட்டியாயிற்று என்கிற மாதிரி.

"ஆமா சார், நல்லா இருந்திச்சு."

"மாலை போட்டாச்சு, போட்டோ எடுத்தாச்சு. ஹெட் ஆபீசுக்கு பேரு போயிடுச்சு."

"போட்டோவ வெச்சுக்கோங்க. நான் திங்கக்கிழமை வரேன்."

சுப்ரமணியன் முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டு இவளைப் பார்த்தார். நரேஷின் காதில் ஏதோ சொன்னார். நரேஷ் மற்ற இரண்டு பேரிடமும் கொடுத்திருந்த தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஒரு பேட்ச் என்றால் ஒரே ஃபைல்தான், மூன்று கையெழுத்தும் இருந்தால்தான் மேலே போகும், உஷாம்மா போடாதவரை உங்கள் இருவருக்கும் பணம் வராது, நீங்களே அவரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றான். குக்கர்களையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கேக்கைத் திரும்ப வாங்க வழியில்லை.

பஸ் ஸ்டாப்பில் மௌரீன் பிடித்துக்கொண்டாள். தாரணி அழுதுகொண்டு தள்ளி நின்றாள். மௌரீனுக்கு வழக்கமாகவே கொஞ்சம் பெரிய குரல். அன்றைக்கு அது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வரை போயிற்று. இருபது வருஷமாக எல்லாரும் செய்கிற ஒன்றை இவள் மட்டும் செய்யமாட்டாளாம், இவள் என்ன பெரிய மகாராணியா, கட்சியில் சேர்ந்துவிட்டாளா, யார் தூண்டிவிட்டது என்று எல்லாம் கேட்டாள். கடைசியில், "உன் வீரத்துக்கு என் புள்ள கல்யாணமா கெடச்சுது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். உஷா வேறொன்று கேட்டாள்.

"லட்சுமம்மா போன அன்னிக்கு பக்கத்து மிஷின்ல இருந்தவ நீ. அவங்க எப்போ எழுந்து போனாங்க, சொல்லு."

மௌரீன் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பஸ் வந்தது. ஏறிப்போய், இடம் காலி இருந்தும் உஷாவின் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேறொரு கச்சேரி. உஷாவின் கணவன் சாமிநாதன் ஆட்டோ ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை, ஆனால் வராத பணத்தை வந்துவிட்டதாகவே நினைத்து வாக்குக் கொடுக்கிற சுபாவம். வீட்டுக்காரர், வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கொடுத்து வைத்திருந்த லீஸ் தொகையைக் கூட்டிக் கேட்டிருந்தார். இவன் மனைவியின் பி.எஃப். வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டான். இப்போது அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவனுடைய கவலை. அதைக் கவலையாகச் சொல்லாமல் கோபமாகச் சொன்னான். கம்பெனியை எதிர்த்து யாரும் ஜெயித்ததில்லை என்றான். கடைசியில் வேலையும் போகும், பணமும் போகும் என்றான்.

"ஒம்போது வருஷம் கழிச்சு வர பென்ஷன வாங்கி யாருக்கு குடுக்கப் போற?"

"எனக்கு" என்றாள் உஷா.

சாமிநாதனுக்கு அந்தச் சொல் புதிதாக இருந்தது. அந்த வீட்டில் அதை அதற்கு முன்னால் அவள் சொல்லி அவன் கேட்டதில்லை. அவளுக்குமே புதிதுதான். முதல் கேக் பணம் வைஷ்ணவியின் பள்ளிக்கூடத்துக்கு, இரண்டாவது ஆட்டோவுக்கு, மூன்றாவது இந்த வீட்டு லீஸுக்கு. ஒவ்வொரு தடவையும் நல்ல காரணம்தான், அவளே மனசாரக் கொடுத்ததுதான். அதற்காக நாலாவது தடவை அவளுடைய கிழவயசையும் வெட்டிப் பங்கு போட முடியுமா? லீஸைப் புதுப்பிக்க வேண்டாம், கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சின்ன வீடாகப் பார்க்கலாம், மாடியில் ஒற்றை அறையாக இருந்தாலும் நான் இருப்பேன் என்றாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வைஷ்ணவி அம்மாவுக்கு இன்னொரு தோசை வார்த்துப் போட்டாள்.

திங்கட்கிழமை கேட்டில் அவளை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, விலகல் தாள் இல்லாத ஆளை வெளியே நிறுத்தினால் அது நீக்கம், நீக்கம் என்றால் காரணம் எழுத வேண்டும். உஷா படியேறி இரண்டாம் மாடிக்குப் போனாள். தன் இடத்துக்கு வந்தாள். டேபிள் இருந்தது, ஸ்டூல் இருந்தது, மிஷின் இல்லை. மிஷின் தலையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். டேபிளின் நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை, அதன் வழியாகத் தரை தெரிந்தது.

சுப்ரமணியன் அங்கேயே காத்திருந்தார். மிஷின் சர்வீசுக்குப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது, சும்மா சம்பளம் கொடுக்க முடியாது, கீழே போய் நூல் வெட்டு என்றார். நூல் வெட்டுவது புதிதாகச் சேர்கிற பெண்களின் வேலை. கீழே போனால், நாளைக்கு அங்கிருந்து இன்னும் கீழே எங்கே தள்ளுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"என் வேலை காலர் சேக்குறது சார். மிஷின் வர்ற வரைக்கும் நிக்குறேன்" என்றாள்.

நின்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தால் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தாள் என்பார்கள். அதனால் டேபிளைத் தொட்டபடி நேராக நின்றாள். லைனில் நாற்பது பெண்கள். எல்லாருடைய கண்ணும் ஊசியில், எல்லாருடைய காதும் இங்கே. உஷா பயந்தாள், அது உண்மை. பயந்தபடியே நின்றாள்.

லைன் ஓடத் தொடங்கியது. ஒருத்தி ஒரு வேலையை முடித்து, துண்டுகளைக் கட்டாகக் கட்டி அடுத்த டேபிளில் வைக்க, அவள் அடுத்த வேலையைச் செய்வாள். அந்தக் கட்டுக்குப் பண்டல் என்று பெயர்; எந்த டேபிளுக்குப் போகவேண்டும் என்று அதில் ஒரு டேக் தொங்கும். உஷாவுக்கு முந்தின டேபிள் மௌரீனுடையது. அவள் காலரைத் தைத்து முடிக்க, உஷா அதைச் சட்டையில் சேர்ப்பாள். சுப்ரமணியன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, காலர் பண்டலையெல்லாம் இனிமேல் பின் வரிசையில் இருக்கிற புதுப் பெண்ணின் டேபிளில் வைக்கச் சொன்னார். சூப்பர்வைசர் அதை மௌரீனிடம் சொன்னான்.

மௌரீன் பண்டலைக் கையில் எடுத்தாள். எழுந்தாள். பின் வரிசையைப் பார்த்தாள். தனக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷினையும் பார்த்தாள். லட்சுமம்மாவின் மிஷினில் இப்போது யாரோ ஒரு ஒடிசாப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டு அடி நடந்து, உஷாவின் முன்னால், ஓட்டைக்குப் பக்கத்தில், பண்டலை வைத்தாள்.

சுப்ரமணியன் வேகமாக வந்தார். காது கேட்கவில்லையா என்று கேட்டார்.

"கேட்டுச்சு சார்" என்றாள் மௌரீன். "டேக்ல உஷா டேபிள் நம்பர்தான் இருக்கு. வேற டேபிளுக்கு மாத்துனா வெளிய அனுப்புவேன்னு நீங்கதானே தீபாவளிக்கு முன்னாடி சொன்னீங்க. மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, மாத்துறேன்."

அது அவரே போட்ட சட்டம். ஒரு பண்டல் இடம் மாறி, பாதி வேலையோடு கப்பலேறி, வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிய கோபத்தில் போட்டது. சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருந்தது. எழுதிக் கொடுத்தால், ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள்; மிஷினை ஏன் கழற்றினாய் என்பார்கள்; அந்தக் கதை கேக் வரைக்கும் போகும். சுப்ரமணியன் எழுதவில்லை. கத்தினார். மௌரீன் உட்கார்ந்து அடுத்த காலரைத் தைக்க ஆரம்பித்தாள். அவர் அந்தப் பக்கம் போனதும், தலையை நிமிர்த்தாமல், தாழ்ந்த குரலில் உஷாவிடம் சொன்னாள்.

"லட்சுமம்மா வியாழக்கிழமை போனது அந்த வார சனிக்கிழமைதான் எனக்குத் தெரியும். ரெண்டு நாளா லீவுன்னு நெனச்சுகினு இருந்தேன். என்னா ஜென்மம் நான்."

உஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கவில்லை, துடைத்தால் அழுகிறாள் என்று தெரிந்துவிடும்.

பண்டல்கள் வந்துகொண்டே இருந்தன. உடம்புத் துண்டுகள் ஒரு பக்கம், காலர்கள் ஒரு பக்கம். தோள் சேர்க்கிற தாரணி, முதலில் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மௌரீன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தன்னுடையதையும் உஷாவின் டேபிளிலேயே வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள். குவியல் உஷாவின் இடுப்பளவு வந்தது. உஷாவுக்கு அப்புறம் இருக்கிற பெண்களுக்கு, கை சேர்க்கிறவள், பக்கம் மூட்டுகிறவள், பொத்தான் துளை போடுகிறவள் எல்லாருக்கும் தைக்க ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு மிஷினாகச் சத்தம் நின்றது. அந்த மாடியில் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்பதே பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் தங்கள் இடத்தில், வேலைக்குத் தயாராக, கையை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு எந்தத் தாளில் என்ன குற்றம் என்று எழுதுவது?

கீழே ஷிப்மென்ட் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. சுப்ரமணியனின் போன் ஓயாமல் அடித்தது. புதுப் பெண்ணை அழைத்து வந்து பத்துச் சட்டை தைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பத்தும் கழுத்து சுளுக்கிக்கொண்டு நின்றன. சாப்பாட்டு மணிக்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் மிஷின் தலையைத் தூக்கிக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஓட்டையில் இறக்கி மாட்டினார்கள். சர்வீஸ் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

பின்னாலேயே நரேஷ் இரண்டு தாளோடு வந்தான். மௌரீனுடையதையும் தாரணியுடையதையும் தனித்தனியாகவே அனுப்பலாம், ஹெட் ஆபீசில் கேட்டுவிட்டேன் என்றான். சனிக்கிழமை ஒரே ஃபைலாக ஒட்டிக்கொண்டிருந்தது திங்கட்கிழமை எப்படிப் பிய்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. மௌரீன் பேனாவை வாங்கினாள். உஷாவைப் பார்த்தாள்.

"எனக்கு அந்த பஸ்ஸு போயிடுச்சு உஷா. எப்படி ஓடுனாலும் பத்து வருஷம் வராது. புள்ள கல்யாணம் நிக்குது" என்றாள். போட்டாள். உஷா தலையை ஆட்டினாள். அதில் கோபப்பட என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடப்போகிறவள்தான், போடுகிற நாள் காலையில், உஷாவுக்காக வேலையைப் பணயம் வைத்தாள்.

தாரணி தாளை வாங்கிப் பார்த்தாள். இருபத்தாறு வயசு, அவளுக்கு எல்லா பஸ்ஸும் இனிமேல்தான். தாளை மடித்து நரேஷிடமே திரும்பக் கொடுத்தாள்.

"பாக்கலாம் சார்" என்றாள்.

நரேஷ் ஒரு வாரத்துக்கு முன்னால் இந்தச் சொல்லைக் கேட்டுச் சந்தோஷமாகப் போனவன். இப்போது அவன் முகம் போன போக்கு பார்க்கவேண்டியதாக இருந்தது.

சுப்ரமணியன் உஷாவின் டேபிளுக்கு வந்தார். கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. அவரும் மேலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, கேட்டாலும் பரவாயில்லை என்கிற அலுப்போடு, "இப்படியே எத்தனை நாளைக்கும்மா?" என்றார்.

உஷா ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து நின்ற கால் விண்ணென்று தெறித்தது. ஊசியில் நூல் கோத்தாள். பதினெட்டு மாதமாக 'சார்' என்று மட்டுமே சொல்லி வந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்பத்தெட்டு வரைக்கும் சார். நான் வந்தப்புறம் இந்த லைனுக்கு வந்துட்டுப் போன மேனேஜருங்க ஒம்போது பேரு. இருக்கிற வருஷத்துக்குள்ள உங்களையும் சேத்து இன்னும் நாலு பேருக்காவது நான் கை தட்டி வழியனுப்பிடுவேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். உஷா பெடலை மிதித்தாள். மேலே இருந்த பண்டலைப் பிரித்து முதல் காலரை எடுத்தாள்.